அப்பத்தாவின் பலகை

"கருகிப்போன பலகையை லாரி வாடகை கொடுத்து ஏற்றி வருவாளா ஒருத்தி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் பிறந்த வீடு. பங்காளிகள் பெருகிவிட்டார்கள்; பராமரிக்கத்தான் ஆள் இல்லை. போன வருஷம் வீட்டைப் பிரித்துவிட்டார்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்றார் அண்ணன். மச்சில் பதித்திருந்த தேக்குப் பலகைகளைக் கேட்டேன். சென்னையில் என் முன்னறைக்குத் தளம் போட அவை போதும்.

அத்தனையும் பர்மாத் தேக்கு. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகையால் நின்ற மரத்தின் அடியை வளையமாக வெட்டி, இரண்டு மூன்று வருஷம் உலரவிட்டுப் பிறகுதான் சாய்ப்பார்கள். யானை இழுத்து, ஐராவதி சுமந்து, கப்பலேறி வந்த மரம்! உடம்பிலேயே எண்ணெய் உள்ளதால் கறையான் லேசில் கிட்ட வராது.

ஆசாரி முதலில் பழைய ஆணிகளைப் பிடுங்கினார். ஒன்று தப்பினாலும் இழைப்புளியின் அலகு போய்விடுமே! ஆணி இருந்த இடமெல்லாம் இரும்பு பட்டுக் கறுத்த பொட்டுகள். மேலே சாம்பல் நிறம். ஓர் இழைப்பு இழைத்ததும் உள்ளே தேன் நிறம்.

"ஆச்சி, இந்த ஒண்ணு மட்டும் கருகிக் கிடக்கு. கழிச்சுடலாமா?" என்றார்.

அது கருகியது 1942-ல். மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கே கடை வைத்திருந்த எங்கள் ஐயா, ஆயிரக்கணக்கானவர்களோடு காடும் மலையுமாக நடந்தே கிளம்பினார். கடிதமில்லை, தந்தியில்லை. அப்பத்தா தினமும் மச்சு ஜன்னலருகே விளக்கோடு காத்திருப்பாளாம். ஓரிரவு வாசலில் அவர் குரல்! கைவிளக்கு நழுவிப் பலகையில் விழ, திரும்பிக்கூடப் பாராமல் ஓடினாளாம். பின்னால் வந்த நாத்தனார்தான் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தாளாம். அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் அப்பத்தா எனக்கு இதைச் சொன்னாள்.

இவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆசாரியிடம், "அதை இழைக்க வேண்டாம். ஜன்னலோரமாகப் போடுங்கள்" என்றார்.

பலகைகளைப் பதினைந்து நாள் அறையிலேயே அடுக்கி, சென்னைக் காற்றுக்குப் பழக்கினோம். மழைக்காலத்தில் மரம் உப்புமல்லவா? அதற்காகச் சுவரோரம் விரற்கடை இடைவெளி விட்டார் ஆசாரி. வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிடாதீர்கள். துணியை ஒட்டப் பிழிந்து துடைத்தால் போதும்.

வருகிறவர்கள் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்து, "இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டதா?" என்கிறார்கள். காபியைக் கையில் கொடுத்து, இவரே கதையை ஆரம்பித்துவிடுகிறார்!