ஏழெட்டு ஐம்பத்து நான்கு

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, சனிக்கிழமை மாலைகளில் கேலாங்கில் ஒரு வீவக வீட்டில் தொடக்கநிலை மூன்று பிள்ளைகள் ஐவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். 6 முதல் 9 வரையிலான வாய்ப்பாடுகளைக் கற்கும் வயது. நானோ அப்போதுதான் 'லாடெக்' பழகிக்கொண்டிருந்தேன். சமன்பாடுகளை அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோலவே கோத்துத் தரும் மென்பொருள் அது. அந்த அழகில் மயங்கி, வாய்ப்பாட்டுத் தாளையும் அதிலேயே தயாரித்தேன். ஒரு வரியைத் தட்டச்சு செய்வது, நகலெடுத்து ஒட்டுவது, எண்களை மாற்றுவது. நான்கு வாய்ப்பாடு, தலா 12 வரி. ஆக 48 சமன்பாடுகள்.

சில வாரங்கள் கழித்து ஒரு சிறுமி பள்ளித் தேர்வுத்தாளோடு வந்தாள். 7 × 8 = 54 என்ற விடை சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"ஒழுங்கா மனப்பாடம் பண்ணலையா?" என்றேன்.

அவள் பையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தாள். "நீங்க இப்படித்தானே கொடுத்தீங்க, அக்கா?"

ஐம்பத்து நான்கு, அச்சில் அவ்வளவு அழகாக இருந்தது. கையெழுத்தாக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அச்சை யார் சந்தேகப்படுவார்கள்? அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இழந்த மதிப்பெண்ணைத்தான் திருப்பித்தர முடியவில்லை.

பேருந்தில் வீடு திரும்பும்போது வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். கேலாங் சாலையின் ஒருபுறம் ஒற்றைப்படை லோரோங்குகள், மறுபுறம் இரட்டைப்படை. பெரும்பாலும் இரண்டைக் கூட்டினால் அடுத்த லோரோங் எண் வந்துவிடும். விதி தெரிந்தால் போதும், பட்டியல் எதற்கு?

தம் நூலின் அச்சுப்படியைப் பார்த்து மனம் நொந்த டொனால்ட் நூத் என்னும் கணினி அறிஞர், 1978இல் உருவாக்கியது 'டெக்'. அதன்மேல் எழுந்ததுதான் லாடெக். அதில் 'லூப்', 'ரிபீட்' என்ற கட்டளைகள் உண்டு. ஒன்றில் தொடங்கு, ஏழால் பெருக்கு, வரியை அச்சிடு, ஒன்றைக் கூட்டு, 12 வரை திரும்பச் செய். விடையை நான் தட்டச்சு செய்யவே வேண்டாம். கணினியே பெருக்கிப் போடும்.

முதல் முயற்சியிலும் சறுக்கினேன். ஒன்றைக் கூட்டிய பிறகு "12ஐவிடக் குறைவா?" என்று சோதிக்கும்படி எழுதிவிட்டேன். எண் 12 ஆனதும், அந்த வரியை அச்சிடாமலேயே சுழற்சி நின்றுவிட்டது. நான்கு வாய்ப்பாட்டிலும் 11 வரிகள்தான்! ஆனால் அந்தப் பிழை பார்த்தவுடனே கண்ணில் பட்டது. ஓரிடத்தில் திருத்தினேன், நான்கும் சரியாயின. கையால் செய்த பிழையோ 48 வரிகளுக்குள் தனியாக ஒளிந்துகொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை புதிய தாளைப் பெருமையோடு நீட்டினேன். "இதுல தப்பே வராது. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டது."

"போன தாளும் கம்ப்யூட்டர்ல வந்ததுதானே, அக்கா?" என்றாள் அவள்.

பதில் சொல்லாமல் பென்சிலைக் கொடுத்தேன். ஏழேழு நாற்பத்தொன்பது, அதோடு ஏழைக் கூட்டினால் ஐம்பத்தாறு. விரல்விட்டு எண்ணி, வரிக்கு வரி சரி போட்டுக்கொண்டே போனாள். நான் அவளுக்கு முதலில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதும் அதைத்தான்.