தாழ்ந்த கூரை

அன்னூரில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு எழுப்ப மகன் விரும்புகிறான். முன்புறம் உயர்ந்து, மேற்கே பின்கட்டின்மேல் ஆளுயரத்துக்குத் தாழ்ந்திறங்கும் கூரை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதன்மேல் வழுகிச் செல்லும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குடியேறியோரும் இத்தகைய வீடுகளைக் கட்டினர். மரத்தாலான உப்புப் பெட்டியை ஒத்ததால் அதுவே பெயராயிற்று. குடும்பம் பெருகியபோது பலர் பின்னால் அறை சேர்த்து, கூரையை அதன்மேல் நீட்டினர். என் நிக்காஹ்வின்போது அத்தாவும் அவ்வாறே செய்தார்கள். அரபியில் குடியிருப்பு 'மஸ்கன்'. மன அமைதியைக் குறிக்கும் 'ஸகீனத்'தும் அதே வேரில் பிறந்த சொல். கிழக்கே காலி மனை கிடக்கிறது. மாடியை அங்கே எழுப்பட்டும். வந்தவர்க்கு இடமளிக்கத் தாழ்ந்த கூரை நிலைக்கட்டும்.