திரும்பும் வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரில், ஐப்பசி மழை மகிழ்ச்சியோடு பரபரப்பையும் கொண்டுவரும். காமராசர் அணைக்கு நீர் வருவதைக் கண்டு ஊர் மகிழும் வேளையில், மானாவாரி நிலத்தார்க்கு உறக்கம் இராது. செம்மண்ணில் ஈரம் நெடுநாள் நிற்பதில்லை. பதம் இருக்கும்போதே உழுது சோளம் விதைத்தாக வேண்டும்.

அத்தகைய ஒரு காலைப்பொழுதில், களத்துமேட்டில் பழைய டிராக்டர் ஒன்று அசையாமல் நின்றது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்னும் ஓசை மட்டுமே எழுந்தது. நிலத்துக்கு உரிய மூதாட்டியின் சினம், வண்டியோட்டும் தங்கை மகன்மேல் பாய்ந்தது.

“ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேட்டு பேட்டரியைத் தீத்துட்டியேடா!”

“இல்ல பெரியம்மா” என்ற இளைஞன், முகப்பு விளக்கைப் போட்டுக் காட்டினான். அது நன்றாகவே எரிந்தது. ஆனால், சாவியைத் திருப்பிய நொடியில் மங்கிப்போயிற்று. அவன் காட்டிய சான்றே அவனுக்கு எதிராயிற்று. விதைக்கென முடிந்து வைத்திருந்த பணத்தில் புதிய பேட்டரி வாங்குவதென்று மூதாட்டி முடிவு செய்தார்.

அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று முதிய மெக்கானிக் ஒருவர் அழைக்கப்பட்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டி இயந்திர நுட்பம் கற்றவர். பட்டறையையே பள்ளியாகக் கொண்டு அவ்வாறு கற்றோர் தமிழகத்தில் பலர்; அம்முதியவரும் அவர்களுள் ஒருவர்.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். 1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினுக்கு அது வேண்டுவதில்லை. காற்றை இறுக அமுக்கும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். ஆயினும், அந்த அமுக்கம் உண்டாக, எஞ்சினை முதலில் யாரேனும் சுழற்றிவிட வேண்டும். அதைச் செய்வது செல்ஃப் மோட்டார். எனவே, சாவியைத் திருப்பியும் டீசல் டிராக்டர் சுழலவில்லை என்றால், ஆராய வேண்டியது செல்ஃப் மோட்டாருக்கு மின்னோட்டம் செல்லும் பாதையை.

மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்தபின், மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் இரு முனைகளில் வைத்து, “சாவியத் திருப்பு தம்பி” என்றார். ‘டக்’ என்ற ஓசை எழுந்தது. பேட்டரி ஓய்ந்திருந்தால் அளவு மளமளவென இறங்கியிருக்கும். அது 12 வோல்ட்டை ஒட்டியே நின்றது.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் இரும்பு உடலிலும் வைத்தார். மீண்டும் சாவி திரும்பியது. அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் 4 வோல்ட் காட்டியது.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு தாயி. போன கரண்டு திரும்பி வர வழியில்லாமக் கெடக்கு” என்றார் அவர்.

மின்னோட்டம் பேட்டரியிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. சுற்று முழுமையாகி மீண்டும் பேட்டரியை வந்தடைய வேண்டும். டிராக்டரில் அந்தத் திரும்பும் வழி, அதன் இரும்பு உடலும் அதைப் பேட்டரியோடு இணைக்கும் எர்த் பட்டையுமே. சேற்றுழவில் நனைந்து நனைந்து, பட்டை பொருந்தும் இடத்தில் துரு ஏறியிருந்தது. ஓம் 1827-இல் வெளியிட்ட விதி அங்கே கண்ணெதிரே நின்றது. துருவின் தடை 0.02 ஓம் எனக் கொண்டால், விளக்குகளுக்கான 10 ஆம்பியர் ஓடும்போது இழப்பு வெறும் 0.2 வோல்ட், செல்ஃப் மோட்டாருக்காக 200 ஆம்பியர் ஓடும்போதோ 4 வோல்ட். விளக்கு தனியே எரிந்தபோது பளிச்சிட்டதற்கும், சாவியைத் திருப்பியதும் மங்கியதற்கும் காரணம் இதுவே. சிறு சுமையில் ஒளிந்திருந்த குறை, பெருஞ்சுமையில் வெளிப்பட்டது.

எர்த் பட்டை கழற்றப்பட்டது. உப்புத்தாள் கொண்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்துத் துருவை நீக்கி, போல்ட்டை இறுக்கி, மீண்டும் துரு ஏறாதிருக்க மேலே கிரீஸ் தடவினார் மெக்கானிக். இம்முறை சாவி திரும்பியதும் எஞ்சின் உறுமி எழுந்தது.

மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பின், முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து மெக்கானிக்கின் கூலியைக் கொடுத்தார். எஞ்சியதை இளைஞனிடம் நீட்டி, “விதைய வாங்கிட்டு வந்துரு. வந்து சாப்பிட்டுட்டு உழுவலாம்” என்றார். தவறாகச் சொன்னதைத் திரும்பப் பெற அவருக்குத் தெரிந்த வழி அது. இளைஞனுக்கும் அது விளங்கிற்று.

அன்று மாலைக்குள் உழவு முடிந்தது. மறுநாள் வண்டியை எடுக்குமுன், அவன் குனிந்து எர்த் பட்டையை ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.