பலகையும் பொறுமையும்

குளிர்நாட்டிற் குடியேறிய தமிழரை முதலில் வருத்துவது எது என்று கேட்டால், பலரும் வாடைக்காற்றைச் சொல்வர். நாம் தரையைச் சொல்வோம். வாயிலிற் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டினுள்ளே வெறுங்காலுடன் நடப்பது நம்மவர் வழக்கம். கடல் கடந்தும் அவ்வழக்கத்தை நாம் விடவில்லை. கனடாவின் தரையும் தன் குளிரை விடவில்லை.

எம் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து எம்முடன் தங்கிய முதற் பனிக்காலத்தில், அவருடைய முழங்கால்கள் பெரிதும் நொந்தன. இரட்டைக் காலுறை அணிந்தும் பயனில்லை. வெப்பக்காற்றை ஊதும் கருவி வீட்டில் இருந்தது; ஆயினும் சூடான காற்று மேலெழுந்து முகட்டைத் தழுவுமேயன்றிப் பாதங்களை நாடி வாராது. ஆகவே வீட்டின் பின்புறத்தில் தாயாருக்கென ஓர் அறை கட்டுவதென்றும், அதன் தரையையே சூடாக்குவதென்றும் நாமும் எம் இல்லாளும் முடிவு செய்தோம். அதற்கெனச் செலவிட்டது பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

தரையைச் சூடாக்குதல் புதிய வித்தையன்று. பண்டைய உரோமர் நீராடு மண்டபங்களின் தரையைச் சிறு தூண்களின் மேல் நிறுத்தி, அடியில் உலையின் வெப்பத்தைச் செலுத்தினர். கொரிய நாட்டார் அடுப்புப் புகையைக் கற்றளத்தின் கீழே ஓடவிட்டு, அதன் மேல் அமர்ந்தும் உறங்கியும் வாழ்ந்தனர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைற், விஸ்கொன்சின் மாநிலத்தில் 1937இல் எழுந்த ஜேக்கப்ஸ் இல்லத்திலே தரையடியிற் குழாய்களைப் பதித்தார். இக்காலத்தில் கொங்கிறீற்றுக்குள் பிளாஸ்திக் குழாய்களை வளைத்து வளைத்துப் பதித்து, இளவெந்நீரை ஓடவிடுகின்றனர்.

அதன் மேற் கல் பதித்தால் தொல்லை குறைவு. நாமோ மரத்துக்கு ஆசைப்பட்டோம். அதிலும் எட்டங்குல அகலமுள்ள ஓக் பலகைக்கு ஆசைப்பட்டோம். அகன்ற பலகையின் அழகே தனி. மரத்தின் வரிகள் ஓடையைப் போல அறை முழுவதும் ஓடும்.

கார்த்திகையிற் கொங்கிறீற்று இட்டாயிற்று. மார்கழியிற் பலகைகள் வந்திறங்கின. “இரண்டு வாரமாவது இவை அறைக்குள்ளே கிடக்கட்டும். கொங்கிறீற்றும் இன்னும் உலரவில்லை” என்றார் தச்சர். நாம் கேட்கவில்லை. தைப்பொங்கலன்று அந்த அறையிற் பால் காய்ச்ச வேண்டும் என்பது எம் பிடிவாதம். மூன்றாம் நாளே பலகைகளைப் பதிக்கச் செய்தோம்.

பொங்கல் இனிதே நடந்தது. பின்னர் பலகைகளின் ஓரங்கள் மெல்ல மெல்ல உயர்ந்தன. நடுப்பகுதி குழிந்து, ஒவ்வொரு பலகையும் ஓர் ஓடு போலாயிற்று. கொங்கிறீற்றின் ஈரம் அடிப்புறத்தை ஊதச் செய்ய, அறையின் உலர்ந்த காற்று மேற்புறத்தைச் சுருங்கச் செய்தது. மாசி முடியுமுன் பலகைகளுக்கிடையே ஒரு நாணயம் நுழையுமளவுக்கு இடைவெளி கண்டது.

தாயார் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, மாரியில் எங்கள் வீட்டுக் கதவு இறுகுவதும் கோடையில் இளகுவதும் மறந்துபோயிற்றா? மரம் வெட்டுண்ட பிறகும் தண்ணீர் குடிக்கும்” என்றார்.

நூல்கள் கூறுவதும் அதுவே. மரம் நீளப்பாட்டில் அசைவது மிகச் சிறிது. அகலப்பாட்டிலேயே ஊதிச் சுருங்கும். ஓக் மரத்தின் ஈரப்பதன் நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தால், எட்டங்குலப் பலகை ஏறத்தாழ அரைக்கால் அங்குலம் சுருங்கக்கூடும். ஒடுங்கிய பலகைகளிலும் மரம் சுருங்கவே செய்யும். ஆனால் அங்கே அது பல சிறு இடைவெளிகளாகப் பகிரப்பட்டுக் கண்ணுக்குப் புலப்படாது போகும். அகன்ற பலகையோ தன் குறையை ஒரே இடத்திற் காட்டிவிடும். யாழ்ப்பாணத்து மாரியில் இறுகும் மரம், ரொறன்ரோவின் பனிக்காலத்திலே சுருங்கும். ஏனெனில் அங்கே சூடேற்றிய வீட்டினுட் காற்று மிக உலர்ந்தது.

பலகைகளைப் பெயர்த்தபோது பெரும்பாலானவை உடைந்தன. மறுமுறை நாம் மாணவரைப் போலப் பணிந்தோம். கொங்கிறீற்று நன்கு உலரும் வரை காத்திருந்தோம். வெந்நீரை ஓடவிட்டு எஞ்சிய ஈரத்தையும் போக்கினோம். பல படைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்த ஏழங்குலப் பலகைகளைத் தெரிந்தோம். அவை தனிமரப் பலகைகளைவிடக் குறைவாகவே அசையும். இரண்டு வாரம் அவற்றை அறைக்குள் வைத்து, ஈரமானி கொண்டு சோதித்த பின்னரே பசையால் ஒட்டுவித்தோம். ஆணி அடிக்கவில்லை, ஆணி குழாயைத் துளைத்துவிடும். தளத்தின் மேற்பரப்பு 27 பாகை செல்சியசைத் தாண்டாதபடி கட்டுப்பாடும் வைத்தோம். பனிக்காலத்திற் காற்றுக்குச் சிறிது ஈரமூட்டும் கருவியொன்றும் அங்கே ஓடுகின்றது.

இவையெல்லாம் நிறைவேற மற்றொரு பனிக்காலமும் கழிந்துவிட்டது. பணம் போனதைப் பற்றி நாம் இன்று பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் அந்த மேலதிகப் பனிக்காலம் முழுவதும் தாயார் குளிர்ந்த தரையில், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ஒரு பொங்கலுக்காக நாம் பட்ட அவசரத்தின் கடனை அவருடைய முழங்கால்களே அடைத்தன. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்கு வருத்தம்.

இப்போது காலையில் அவர் அந்த அறையிலே கால்களை நீட்டி அமர்ந்து, தேநீர் அருந்துகின்றார். கம்பளம் வேண்டாமென்றார், தடித்த கம்பளம் சூட்டை மறைக்கும் என்பதை நாம் சொல்லாமலே அறிந்திருக்கின்றார். யன்னலுக்கு வெளியே பனி பெய்கின்றது. பலகைகளுக்கிடையே மயிரிழை போன்ற கோடுகள் தெரிகின்றன. வேனில் வந்ததும் அவை மூடிக்கொள்ளும். காத்திருக்க இப்போது எமக்குத் தெரியும்.