கோச்சியில் போன பாட்டு

ஹட்டன் நகரத்தை விட்டுப் புறப்படும் புகையிரதம் சற்று நேரத்துக்கெல்லாம் சிங்கமலைச் சுரங்கத்துள் நுழைந்துவிடுகின்றது. மலைநாட்டுப் பாதையிலுள்ள சுரங்கங்களுள் மிக நீளமானது இதுவே. அரைக் கிலோமீட்டருக்குச் சிறிது அதிகம். பெட்டியில் இருள் கவிந்ததும் இளைஞர்கள் 'கூ' என்று கூச்சலிடுவது அன்றுதொட்டு வரும் வழக்கம். நானும் ஒரு காலத்தில் அவ்விதம் கூவியவன்தான். கல்லூரி ஆசிரியன் ஆன பிறகு வாயை மூடிக்கொண்டு, பிறர் கூவுவதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். சுரங்கம் முடிந்து வெளிச்சம் பாய்ந்ததும் இருமருங்கிலும் தேயிலை தெரியும். கொட்டகலை வந்துவிட்டது என்று அறியலாம்.

2024ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், காமன் கூத்துப் பார்க்கும் பொருட்டு அவ்வூருக்குச் சென்றேன். அங்குள்ள தோட்டமொன்றில் பிறந்து, பதினெட்டாம் வயதில் படிப்பை நாடி வெளியேறியவன் நான். இப்போது கொழும்பிலே தமிழ் கற்பிக்கிறேன். என்னை அழைத்துச் சென்றவன் என் மாணவன். அவனும் அப்பகுதித் தோட்டத்துப் பிள்ளையே.

இம்மாணவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் அவனுக்குப் பாடத்தில் கவனம் இராது. உலகெங்கும் புதிய இசைத் தொகுதிகள் பெரும்பாலும் அன்றுதான் வெளியிடப்படுகின்றனவாம். எந்தக் குழு எந்தப் பாட்டை வெளியிட்டது, அதன் வீடியோவை இயக்கியவர் யார், அடுத்த கச்சேரிப் பயணம் எந்நகரத்தில் தொடங்குகிறது என்பவற்றையெல்லாம், நாங்கள் அக்காலத்தில் கிரிக்கெட் ஓட்டக் கணக்கு ஒப்பித்ததைப் போல ஒப்பிப்பான். ரொக் இசையும், சினிமாவைச் சாராது தாமே பாடி வெளியிடுவோரின் சுயாதீன இசையும் அவனுடைய உலகம். தமிழருக்கு மெல்லிசை என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்ட நிலையில், சினிமாவுக்கு வெளியே நின்று பாடுவதே ஒரு துணிவு என்பது அவன் கட்சி. எழுபதுகளில் 'சுராங்கனி' பாடிய ஏ. ஈ. மனோகரனும், 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினமும் நம் நாட்டில் அதைத்தானே செய்தார்கள் என்று நான் சொன்னபோது, "அவர்களையும் கேட்டிருக்கிறேன், சார்" என்று என் வாயை அடைத்துவிட்டான்.

நாவலப்பிட்டியைக் கடந்ததும் காதில் மாட்டும் கருவிகள் இரண்டில் ஒன்றை என்னிடம் நீட்டினான். வட்டவளை வரும்வரை அவன் கேட்கச் செய்தவற்றுள் பாதிக்கு மேல் எனக்கு வெறும் இரைச்சலாகவே பட்டன. அதை ஒளிக்காமல் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "இதைக் கேளுங்கள்" என்று வேறொரு பாட்டைப் போட்டான்.

அது 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச் 7ஆம் தேதி வெளியாகி, யூடியூபில் மட்டும் 40 கோடிக்கும் அதிகமான தடவை பார்க்கப்பட்ட பாட்டு. நேயர்களுள் கேளாதவர் அரிது. என் வீட்டுப் பிள்ளைகளும் அதற்கு ஆடியிருக்கிறார்கள். ஆயின், அதனுள் எங்கள் மலை இருக்கின்றது என்பதை அன்று அந்த வண்டியில்தான் அறிந்தேன்.

அப்பாட்டை எழுதி, தீ என்னும் பாடகியுடன் சேர்ந்து பாடிய அறிவு, தமிழ்நாட்டின் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரெடுத்து, இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் உருவாக்கி, 2018 ஜனவரியில் சென்னையில் முதலாவது கச்சேரியை நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவில் பாடிப் புகழ்பெற்றவர். கானாவையும் ரொக்கையும், பறையையும் கிற்றாரையும் ஒரே மேடையில் ஏற்றிய குழு அது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். அவர் சொல்லக் கேட்ட கதைகளும் ஒப்பாரி மரபுமே அப்பாட்டின் வேர். வீடியோவில் அம்மூதாட்டி அரசியைப் போல் வீற்றிருப்பதைக் கைத்தொலைபேசியின் சிறு திரையில் கண்டேன். அதே கணத்தில் வண்டி சுரங்கத்துள் நுழைந்தது, இளைஞர்கள் கூவினார்கள். நான் அந்த இருட்டில் என் அப்பாயியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அனுப்பப்பட்டவர்கள் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். மாணவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லுகிறேன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மனிதரைப் பற்றிய கணக்குத்தான் இது. கொழுந்து நிறுத்த கணக்கு அன்று.

1885இல் நானுஓயாவரை நீண்ட இந்தப் பாதை, தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கே முதன்மையாகப் பயன்பட்டது. அதே பாதையில் எழுபதுகளில் எங்கள் சனங்கள் தலைமன்னாருக்கு இறங்கினார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். தாய் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் பிரிந்தார்கள். வண்டி நகரும்போது உள்ளிருப்போரும் மேடையில் நிற்போரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒப்பாரி வைத்தமையால், அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயராயிற்று. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அப்பெயரையே சூட்டியிருக்கிறார். என் தந்தையாரின் மூத்த சகோதரியும் நான் பிறக்குமுன் அக்கோச்சியில் சென்றவரே. அப்பாயி அவரை நினைத்துப் பாடும்போது நாங்கள் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவோம். அவ்வளவு சலிப்பு! பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் நாட்டார் இலக்கியம் படித்தேன். ஒப்பாரியின் இலக்கணம் பற்றிப் பரீட்சையில் நல்ல புள்ளியும் பெற்றேன். அப்பாயியின் பாட்டில் ஓர் அடியையேனும் எழுதி வைத்தேனில்லை. நான் மூன்றாம் ஆண்டு படிக்கையில் அவர் காலமானார்.

கொட்டகலை நிலையம் சிறியது. இறங்கியதும் குளிர் மூக்கைத் தொட்டது. கடைத்தெருவில் இஞ்சி போட்ட தேத்தண்ணீர் அருந்தினோம். இங்கிருந்து தலவாக்கலை செல்லும் வழியில் டெவன், சென் கிளயர் என்னும் இரு நீர்வீழ்ச்சிகள் காட்சி தரும். சென் கிளயரின் பொலிவு, மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பின் முன்போல் இல்லை. வருவோர் எல்லாரும் அங்கே நின்று படம் பிடித்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்விடுவார்கள். லயங்களுக்கு யாரும் வருவதில்லை. வருவதற்கு அழைப்பாரும் இல்லை.

மாணவனின் அம்மாயி எண்பது வயதைத் தாண்டியவர். பத்துக் காம்பரா லயத்தின் இஸ்தோப்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கய்யா. நீங்க எந்தத் தோட்டம்?" என்பதே அவருடைய முதற் கேள்வி. சொன்னேன். "நம்ம புள்ளதானா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பேரன் அவர் முன்னால் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். அவர் ஆட்டத்தையோ வண்ணத்தையோ பொருட்படுத்தவில்லை. வள்ளியம்மாள் தோன்றியதும் தொலைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இந்தம்மா எந்தத் தோட்டத்துல இருந்து போனாங்களாம்?"

எங்களிடம் விடை இல்லை. அவர் எங்களை விட்டுவிட்டுத் தமக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பணிய லயத்திலிருந்து இன்னார் போனார், கோயில் பூசாரி குடும்பத்தோடு போனார், தம் தங்கை கைக்குழந்தையோடு போனாள். நீண்ட பட்டியல் அது. பிறகு, "எஞ்சாமின்னா யாரு தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். "துரைமாரையும் சாமின்னுதான் கும்புடணும். ஆனா வீட்டுக்கு வந்தா பேரப்புள்ளைதான் எஞ்சாமி." தமிழாசிரியனுக்கு இதைவிடச் சிறந்த உரை எங்கே கிடைக்கும்!

அன்று மாலை கோயில் வெளியில் தப்புகளை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அங்கே மாணவன் மற்றொரு கதையைச் சொன்னான். பாட்டு உலகப் புகழ் பெற்றதே தவிர, அது யாருடையது என்ற சர்ச்சை ஓயவில்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அப்பாட்டைக் குறிப்பிட்டு, தீயையும் கனடாத் தமிழர் ஷான் வின்சென்ட் டி போலையும் அட்டையில் இட்டது. அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின் அவருக்கும் ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமலே பாட்டு அரங்கேறியது. தாமே ஆக்கி, எழுதி, பாடியது என்று அறிவு அறிவிக்க, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அதில் மூவருடைய பங்கும் உண்டென்று விளக்கினார். நாங்கள் சென்ற அந்த மார்ச் மாதத் தொடக்கத்திலோ, மூன்று ஆண்டுகளாகியும் அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

இது புதுமையன்று. அமெரிக்கப் பருத்திக் காடுகளில் கறுப்பின மக்கள் பாடிய வேலைப்பாட்டும் துயரப்பாட்டும் 'புளூஸ்' ஆகி, அதிலிருந்தே ரொக் பிறந்தது. லெட் செப்பலின் என்னும் ஆங்கிலக் குழு 1969இல் வெளியிட்ட ஒரு பாட்டு தம்முடையதைத் தழுவியதென்று வில்லி டிக்சன் என்ற புளூஸ் கலைஞர் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் இணக்கம் ஏற்பட்டது. டிக்சனாவது பெயர் தெரிந்தவர். அவருக்கு முன் காட்டில் பாடியவர்கள்?

எங்கள் மலையில் தேடியவர் இல்லாமலில்லை. ஹட்டனில் தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940ஆம் ஆண்டளவில் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிச் சிறு புத்தகமாக வெளியிட்டு, கூட்டந்தோறும் பாடினார். மலைநாட்டின் முதலாவது இசைப் பயணம் அதுவே என்பேன். வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரையில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து நாடோடிப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். அவர் 1984இல் மறைந்தார். லயந்தோறும் ஒரு பாட்டி இருந்த நாட்டில் ஒரு வேலுப்பிள்ளை போதுமா?

இரவு கூத்துத் தொடங்கியது. தப்பின் அடி நெஞ்சில் விழுந்தது. சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிய, ரதி வேடமிட்ட இளைஞன் தலைமயிரை விரித்துப் புலம்பலானான். பெண்கள் பலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் மாணவன், தன் ரொக் குழுக்கள் அனைத்தையும் மறந்து, தப்படிப்பவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த அடியை டிரம்மில் வாசிக்க முடியாது, சார். இடைவெளி பிசகிவிடும்" என்றான். எனக்கு இரைச்சலாகப்பட்ட பாட்டுகளை அவன் இத்தனை காலம் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது.

மறுநாட் காலை, வண்டிக்கு நேரம் இருந்தது. அம்மாயியைப் பாடும்படி இருவரும் வேண்டினோம். "பல்லு இல்லாத வாயில என்ன பாட்டு" என்று மறுத்தவர், தங்கை கோச்சி ஏறிய நாளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. பேரன் தொலைபேசியைப் போர்வையின் மடிப்பில் ஓசையின்றி வைத்தான். ஆறு நிமிடங்கள். முடிந்ததும் அதை அவருக்கே போட்டுக் காட்டினான். தலையைச் சாய்த்து, வேறு யாரோ பாடுவதைக் கேட்பவர் போல் கேட்டார்.

"அம்மாயி, இதை வெளியிடும்போது உங்கள் பேரைத்தான் முதலில் போடுவேன்" என்றான் பேரன்.

அவர் முகம் சுளித்தார். "எம்பேரு எதுக்குடா? இது நான் கட்டுன பாட்டு இல்ல. எங்கம்மா, எந்தங்கச்சி கோச்சி ஏறுனப்ப அந்த ஸ்டேசன்ல நின்னு பாடுனது. அவ பேரப் போடு."

பேரன் தொலைபேசியில் எழுதத் தயாரானான். அவர் தம் தாயின் பெயரை ஒருமுறை சொன்னார். பிறகு, அவன் சரியாக எழுதினானா என்று என்னை வாசித்துக் காட்டச் சொன்னார்.