கைப்பிடி மண்

எங்கள் ஊர் மருதையாற்றங்கரையில் இருக்கிறது. பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர் அரியலூர்ச் சீமையைக் கடந்து கொள்ளிடத்தில் சேரும் ஆறு. அப்பா சிறுவனாக இருந்த காலத்தில் ஊருக்கு மேற்கே ஒரு மடு இருந்ததாம். கோடையிலும் ஆள் முங்கும் ஆழம். நான் தலையெடுத்தபோது அது தூர்ந்து, கருவேலம் மண்டிக் கிடந்தது.

அப்பாவுக்குக் கடைசி ஓராண்டு இருமல் விடவே இல்லை. ஒரு சொல் வரும், பின்னாலேயே இருமல் வரும், அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது 38 வயது. அரியலூரில் வேலை. காலை பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம். அதனால் அவர் தொடங்கியதை நானே முடித்துவிடுவேன். “மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுப்பா.” “மாத்திரை மாடத்துல இருக்கு.” பெரும்பாலும் நான் சொன்னது சரியாகவே இருக்கும். வாய் திறக்குமுன் தகப்பன் மனசை அறிகிற பிள்ளை என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

ஒரு மாசி மாதக் காலை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பூண் போட்ட மூங்கில் தடி மடியில் கிடந்தது. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். “தம்பி, அப்பல்லாம் மடுவுல…” என்றார். இருமினார். மறுபடியும், “மடுவுல…” சொல் வரவில்லை. வலது கையை இறுக மூடி என் முகத்துக்கு நேரே நீட்டினார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். சொம்பை எடுத்து விரித்த கையில் வைத்தேன். சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வாய் குடித்தார். “பஸ்ஸு வந்துரும், போ” என்றார். அது மட்டும் இருமலில்லாமல் வந்தது.

சித்திரை பிறக்குமுன் அப்பா போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் புறநானூற்றைக் கையில் எடுத்தேன். அதற்கும் ஊர்ப்பாசம்தான் காரணம். அதை 1894இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர், சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் கார்குடியிலும் செங்கணத்திலும் இருந்து தமிழ் படித்தவர். நம் பக்கத்து மண்ணில் நடந்த கால் என்று ஒரு பிரியம். நானூறு பாட்டையும் வரிசையாகப் படிக்க எனக்குப் பொறுமை ஏது? புரட்டிக்கொண்டே வந்தவன் 243ஆம் பாட்டில் நின்றுவிட்டேன்.

பாடியவர் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார். இயற்பெயர் தெரியாது, பாட்டில் வரும் பூண் கட்டிய ஊன்றுகோலே அவருக்குப் பெயராகிவிட்டது. துறை கையறுநிலை. மாண்டுபோன தலைவனை நினைத்து ஆற்றமாட்டாமல் பாடுவது அது. முன்னும் பின்னும் செத்துப்போனவர்களுக்கான பாட்டுகள். நடுவில் இந்தக் கிழவர் மட்டும், செத்துப்போன தன் இளமைக்காக அழுகிறார். நாலடியாரிலும் இளமை நிலையாமை என்று ஓர் அதிகாரம் உண்டு. ‘மூப்பு வரும், அதற்குள் விழித்துக்கொள்’ என்று எச்சரிக்கும் பத்துப் பாட்டு. நல்ல பாட்டுகள்தாம். ஆனால் விழுத்தண்டினார் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அதனாலேயே அவர் பக்கத்தில் உட்கார எனக்கு மனசு வந்தது.

நீரைத் தொட்டுத் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறுகிறான் பையன். கரையில் நிற்பவர்கள் வாய் பிளக்க, ஆழத்தில் தொபுக்கென்று குதிக்கிறான். அடிவரை முங்கி, மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வருகிறான். அந்தப் பையன்தான் இப்போது தண்டூன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் கிழவன்.

அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். நூலகத்தில் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

முங்கியவன் மண்ணோடு வந்தால்தான் மற்றப் பையன்கள் ஒப்புக்கொள்வார்கள். மூடிய கையை நீட்டி, எல்லார் முன்னாலும் விரித்துக் காட்ட வேண்டும். அப்பா அன்று காட்டியது அதுதான். எழுபது வயதில் மருதையாற்று மடுவின் அடிமண்ணை எடுத்துவந்து, ‘பார், தொட்டுவிட்டேன்’ என்று தன் பிள்ளைக்குக் காட்டினார். நான் அந்தக் கையில் சொம்பை வைத்தேன்.

இப்போது எனக்கு 76. உ.வே.சா. ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல், 85ஐத் தொடும் வயதில். சிறு பிராயத்து ஊர்களையெல்லாம் அதில் எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார்! அவருக்குக் கேட்க ஆள் இருந்தது. வாரந்தோறும் ஊரே காத்திருந்தது.

எங்கள் தெருக்கோடியில் என்னைவிடப் பத்து வயது மூத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாதம் வந்து நாக்குக் குழறிவிட்டது. சாயங்காலம் போய் அவர் கட்டிலருகே உட்காருவேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகும். அடுத்த சொல் எனக்குத் தெரிந்தாலும் எடுத்துக் கொடுப்பதில்லை. பருத்திப் பொதி ஏற்றிப் போன வண்டி ராத்திரியில் அச்சு முறிந்த கதையை நாலு நாளாகச் சொல்கிறார். நேற்று மாட்டை அவிழ்த்துப் புளியமரத்தடியில் கட்டியாயிற்று. யாரோ லாந்தரோடு வருவது தெரிந்ததாம். அதற்குள் அவர் மருமகள் கஞ்சி கொண்டுவந்துவிட்டது.

இன்றைக்குக் கொஞ்சம் வெயில் தாழப் போகவேண்டும்.