சாவிக்கொத்தைக் கீழே வைத்தேன்

அந்தப் பையனின் முன்பல் உடைந்ததற்கு நான்தான் காரணம். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான் செய்ததை உங்களில் பலரும் செய்திருப்பீர்கள். இதுவரை செய்யாவிட்டாலும், நாளைக்கே ஒரு பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ செய்ய நேரலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான ஒரு பகல்நேர மையத்தில் நான் உதவியாளராக இருக்கிறேன். சோறு ஊட்டுவது, கைகால் கழுவி விடுவது, வேனில் ஏற்றி இறக்குவது என் வேலை. படிப்பு பத்தாவதுதான். "மூணு பிள்ளை வளர்த்தவ, பொறுமைசாலி" என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்த அனுபவம் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவன், ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே விறைத்துச் சாய்ந்தான். கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. "காக்கா வலிப்பு! சாவியக் குடுங்க, சாவியக் குடுங்க!" என்று சமையல்கார அம்மா கத்தினார். நான் இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தேன். நாக்கைக் கடித்துக்கொள்வானே என்று பயந்து, கையில் இருந்த எவர்சில்வர் ஸ்பூனைப் பல்லுக்கு நடுவில் நெட்டித் தள்ளினேன். இரண்டு பேர் அவன் காலைப் பிடித்து அமுக்கினார்கள். ஒருத்தி முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுச்சு" என்றார்கள். நான் ஸ்பூனை வெளியே எடுத்தேன். அதோடு ரத்தமும், பாதிப் பல்லும் வந்தன.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

இது நடந்து ஒரு மாதம் கழித்துத்தான், என் போன்ற உதவியாளர்களுக்கென்று வலிப்பு நோய் பற்றி ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். புதுக்கோட்டை டவுனில் ஒரு கூடம். முப்பது பெண்கள் இருப்போம். நரம்பியல் டாக்டரம்மா ஒருவர் வந்திருந்தார். எடுத்த எடுப்பிலேயே, "வலிப்பு வந்தா என்ன செய்வீங்க? யாரும் கூச்சப்படாம சொல்லுங்க" என்றார். சாவி, செருப்பு, வெங்காயச் சாறு, விபூதி என்று எல்லாம் வந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "மூளையில இருக்கிற கோடிக்கணக்கான நரம்பு செல்கள் மின்சாரத்துலதான் பேசிக்குது. திடீர்னு அதுல ஒரு கூட்டம் ஒரே நேரத்துல தாறுமாறா மின்னுச்சுன்னா அதுதான் வலிப்பு. கரண்ட் ஏறி இறங்கும்போது ட்யூப்லைட் படபடன்னு அடிக்குதுல்ல, அந்த மாதிரி. பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கிடும். நீங்க சாவி குடுத்தாலும் அடங்கும், குடுக்காட்டியும் அடங்கும். பேரு மட்டும் சாவிக்குப் போயிடுது" என்றார். கூடத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்ததாக ஸ்பூனுக்கு வந்தார். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாதாம். நாக்கைக் கடிப்பதும் உடம்பு விறைக்கிற அந்த முதல் நொடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நாம் ஸ்பூனைத் தேடி எடுத்து வருவதற்குள் அது பழைய கதை. நாம் வைக்கிற ஸ்பூனால் பல் உடையும். உடைந்த பல் தொண்டைக்குள் போனால் மூச்சே அடைக்கும்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன், "நான்தான்மா உடைச்சேன்" என்று. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. "இங்க வாங்க, இந்தப் பாயில படுங்க" என்றார். என்னையே வலிப்பு வந்தவளாக வைத்து மற்றவர்களுக்குச் செய்து காட்டினார்.

எவ்வளவு எளிமை தெரியுமா! முதலில் மணி பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நாற்காலி, சூடான பாத்திரம் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். தலைக்கு அடியில் மடித்த துண்டோ, முந்தானையோ, நம் கையோ வைக்க வேண்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கண்ணாடி போட்டிருந்தால் கழற்ற வேண்டும். கையையும் காலையும் பிடித்து அமுக்கக் கூடாது. எலும்போ மூட்டோ போய்விடும். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால், எச்சிலும் வாந்தியும் தானாக வெளியே வழியும், மூச்சு தடைப்படாது. நன்றாக நினைவு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். அதை நான் மறக்க மாட்டேன். "வலிப்புல சிறுநீர் போயிடலாம். சுத்தி நிக்கிறவங்களை அனுப்பிட்டு மேல ஒரு துண்டைப் போர்த்துங்க. கண் முழிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வெக்கமா இருக்கக் கூடாது."

அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு எப்போது? ஐந்து நிமிடம் தாண்டியும் இழுப்பு நிற்காவிட்டால் 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஒன்று நின்று நினைவு திரும்புமுன்னே இன்னொன்று வந்தாலும், மூச்சு சரியாக வராவிட்டாலும், பலமாக அடிபட்டாலும், தண்ணீரில் இருக்கும்போது வந்தாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும், வாழ்க்கையில் முதல் தடவையாக வந்தாலும் காத்திருக்கவே கூடாது. சிலருக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயை டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். அதை எப்போது, எத்தனை தடவை அடிப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை எழுதி வைக்கச் சொன்னார். எப்படிப்பட்ட வலிப்பு, வழக்கமாக எத்தனை நிமிடம், என்ன மாத்திரை, யாருக்குப் போன் செய்வது என்று அதில் இருக்க வேண்டும்.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பயிற்சி ஏன் என்பதும் அன்றுதான் புரிந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பும் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் இன்னும் அதிகம். உலகம் முழுக்க வலிப்பு நோய் உள்ளவர்கள் சுமார் 5 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியுமாம்.

எல்லா வலிப்பும் கைகால் வெட்டி இழுப்பதும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். 'கனவு காணுது, கவனம் இல்லை' என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கும். சிலர் உதட்டைச் சப்பிக்கொண்டு, சட்டையைப் பிசைந்துகொண்டு நினைவில்லாமல் நடப்பார்கள். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் இதைக் கேளுங்கள். தூங்கி எழும்போது குழந்தை அடுக்கடுக்காகத் தலையையும் கைகளையும் முன்னால் மடக்கி, சலாம் போடுவதுபோல் குலுங்கினால், வயிற்றுவலி என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துப் போங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை காய்ச்சலோடு வருகிற வலிப்பு வேறு. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னால் வலிப்பு நோய் வருவதில்லை. ஆனாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, என் மனசில் கிடந்த இன்னொரு சங்கதியையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். என் அத்தை மகள் கதை அது.

1990-களின் நடுவில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. 'தாலி ஏறினா சரியாப் போயிடும்' என்றார்கள் பெரியவர்கள். புகுந்த வீட்டில் தெரிந்துவிடக் கூடாதே என்று அவள் மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் மாதம் அடுப்படியில் வலிப்பு வந்து, இடது கை நெருப்பில் விழுந்தது. கையும் போய், வாழ்க்கையும் போய்த் தாய்வீடு வந்து சேர்ந்தாள். 'பேய்' என்றார்கள், 'ஏமாத்திட்டாங்க' என்றார்கள். மாத்திரையை நிறுத்தியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நிறுத்தினதுதான்மா காரணம்" என்றார் டாக்டரம்மா. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், முன்னைவிட வேகமாக வரும். அந்தக் காலத்தில், அடிக்கடி வலிப்பு வருவதைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்க இந்து திருமணச் சட்டத்திலேயே இடம் இருந்ததாம். 1999-இல்தான் அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். "சட்டம் மாறிடுச்சு. வீடுகள்தான் இன்னும் மாறணும். மறைச்சுக் கல்யாணம் பண்ணாதீங்க, சொல்லிப் பண்ணுங்க. வலிப்பு உள்ள பொண்ணு பிள்ளை பெத்துக்கலாம், பால் குடுக்கலாம். ஆனா கர்ப்பத்துக்கு முன்னாலயே டாக்டரைப் பார்க்கணும்" என்றார். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். முன்கூட்டியே வந்தால் மாற்றிக் கொடுத்து, போலிக் ஆசிட் மாத்திரையும் கொடுப்பார்கள். பயந்துகொண்டு தாமாக நிறுத்தினால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

அந்த வாரமே நான் பையன் வீட்டுக்குப் போனேன். கீரமங்கலம் பக்கம். அவன் அம்மா விடியலுக்கு முன்னால் பூந்தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவள். என்னைக் கண்டதும் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சுருத்தா, தெரியாம செஞ்சுட்டேன்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நானும் கரண்டிக் காம்புதான்க்கா வச்சிருக்கேன், எத்தனையோ வாட்டி. எனக்கும் யாரு சொன்னா?" என்றாள்.

"மாத்திரை ஒழுங்கா குடுக்கிறியா?" என்று கேட்டேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த கேள்விதான். காலையில் தான் பூ எடுக்கப் போய்விடுவதால் ராத்திரி மட்டும் கொடுப்பதாகச் சொன்னாள். தீர்ந்துபோனால் ஆஸ்பத்திரியில் இலவசமாகத்தான் கிடைக்கிறது; ஆனால் வாங்கப் போனால் ஒருநாள் கூலி போய்விடும், அதனால் சில நாள் பாதி மாத்திரை. இதையெல்லாம் அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

மையத்தில் பேசி, அவனுடைய டாக்டரிடமும் கேட்டு, காலை மாத்திரையை மையத்திலேயே கொடுக்க ஏற்பாடு செய்தோம். கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அவள் வீட்டில் குளிக்கும் இடத்துத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். ஊருணிக்கோ கிணற்றுக்கோ அவனைத் தனியாக அனுப்பாதே என்றேன். ராத்திரி தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தூக்கம் கெட்டாலும், மாத்திரை தவறினாலும் வலிப்பு வரும்.

1991, 92-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் சின்னப் பெண். என் அம்மா அப்போதுதான் கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் பழகினாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது வாத்தியார் இல்லை, அடுத்த தெருப் பெண். தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொன்னாள், அவ்வளவுதான். நானும் அதையே செய்கிறேன். வேன் டிரைவர், சமையல்கார அம்மா, என் மருமகள், எங்கள் தெருச் சுய உதவிக் குழு என்று எல்லோருக்கும் பாயில் படுத்துக் காட்டியாகிவிட்டது.

பையனுக்கு வலிப்பு முன்பு வாரம் ஒன்று வரும். இப்போது எப்போதாவதுதான். போன மாதம் ஒருநாள், பாட்டு நேரத்தில் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஓடிவந்து தன் சாவிக்கொத்தை நீட்டினாள். அதை வாங்கிக் கீழே வைத்தேன். "கடியாரத்தைப் பாரு, எத்தனைன்னு சொல்லு" என்றேன். முந்தானையை மடித்து அவன் தலைக்கு வைத்தேன். மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகச் சொன்னேன். அப்புறம் சும்மா இருந்தேன். சகோதரிகளே, பதறுகிற கையைச் சும்மா வைத்திருப்பதுபோலக் கஷ்டமான வேலை வேறில்லை. அந்த நேரம் ஒரு யுகம்போல இருந்தது. அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நன்றாகத் தூங்கி எழுந்து, "சோறு" என்றான்.

சாயங்காலம் அவன் அம்மா வந்தாள். முன்பெல்லாம் விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். அன்று அழவில்லை. பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்:

"எத்தனை நிமிஷம்க்கா இருந்துச்சு?"

"ரெண்டே கால்" என்றேன். நோட்டில் அவளே எழுதினாள்.